வெள்ளெழுத்து வந்த பிறகு ஏர் பிஸ்டல்: கண்ணாடி முதல் சைட் வரை ஒரு வழிகாட்டி

ஐம்பதை நெருங்கும் வயதில், காற்றழுத்தத்தால் சுடும் விளையாட்டுத் துப்பாக்கியான ஏர் பிஸ்டலைக் கையில் எடுப்பவருக்கு முதல் தடை கையும் அல்ல, மூச்சும் அல்ல, கண்தான். பிஸ்டலை நீட்டிப் பிடித்தால் 10 மீட்டர் தள்ளி இருக்கும் கறுப்பு வட்டம் பளிச்சென்று தெரிகிறது. குறி பார்ப்பதற்காகக் குழல் முனையருகே நிற்கும் முன் சைட் மட்டும் ஓரம் கரைந்து சாம்பல் நிறத்தில் நிற்கிறது. படிக்கிற கண்ணாடியை மாட்டினால் இரண்டுமே மங்கிவிடுகின்றன. கண்ணின் வில்லை இறுகி, தூரத்திலிருந்து கிட்டத்துக்குக் குவியத்தை மாற்றும் திறன் குறைந்துபோவதால் வருவது இது. நம் ஊரில் வெள்ளெழுத்து என்கிறோம்.

இதற்குத் தீர்வு உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது அரை முதல் முக்கால் பவர் வரைதான். ஆனால் அந்த முக்கால் பவரைச் சரியாகக் கேட்டு வாங்குவதற்குள் நான் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. ஒரு கண்ணாடிக் கடையில் பிஸ்டல் என்ற சொல்லைக் கேட்டதும் தயங்கினார்கள். இன்னொன்றில் கம்ப்யூட்டர் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். கிளப்பில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பணம் வீணாவது பெரும்பாலும் 5-ஆவது படியை, அதாவது கண்ணாடி செய்வதை, முதலில் செய்வதால்தான்.

1. எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பின் சைட் (கண்ணுக்கு அருகில் இருக்கும், நடுவில் பள்ளம் உள்ள தகடு), முன் சைட், இலக்கு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவது எந்த வயதுக் கண்ணாலும் முடியாது. இளம் கண் மூன்றுக்கும் இடையே வேகமாகத் தாவுகிறது, அவ்வளவுதான். நமக்கு அந்தத் தாவல் இல்லை. எனவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது முன் சைட்.

கணக்கு எளிது. இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 33 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் அதைப் போல 30 மடங்கு. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், இலக்கில் 30 மி.மீ. விலகும், பெல்லட் (சிறு குண்டு) 7-ஆம் வளையத்தில் விழும். அதே நேரம், சைட்டுகள் இரண்டும் சரியாகப் பொருந்தியிருந்து, கை முழுவதுமாக 5 மி.மீ. நகர்ந்தால் இலக்கிலும் அதே 5 மி.மீ.தான் விலகும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஆகவே அந்தக் குண்டு அப்போதும் பத்துதான்.

கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும். மங்கிய வட்டத்தின் நடுவைக் கண் தானாகவே கண்டுகொள்ளும். மங்கிய முன் சைட்டின் விளிம்பை எந்தக் கண்ணாலும் ஊகிக்க முடியாது. இதை மனம் ஏற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும், ஏனென்றால் இலக்கைப் பார்க்கத்தான் மனிதக் கண் துடிக்கும்.

2. கண்ணிலிருந்து முன் சைட் வரை அளந்து எழுதுங்கள்

கண் பரிசோதனைக்குப் போகும் முன் உங்களிடம் ஒரு எண் இருக்க வேண்டும். ரேஞ்சில் (சுடும் கூடத்தில்), சுடும் நேரம் முடிந்த பிறகு, அங்குள்ள பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு அளங்கள். பிஸ்டல் காலியாக இருக்க வேண்டும், காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி குழலில் இருக்க வேண்டும், முனை இலக்குப் பக்கமே நிற்க வேண்டும். நீங்கள் வழக்கமாகச் சுடும் நிலையில் நின்று பிஸ்டலை நீட்டுங்கள். நண்பர் பக்கவாட்டில் நின்று, தையல் டேப்பால் உங்கள் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து முன் சைட் வரை அளக்கட்டும். அளப்பவர் குழல் முனைக்கு முன்னால் போகக் கூடாது. பலருக்கு இது 90 செ.மீ. முதல் 1.1 மீட்டருக்குள் வரும். பின் சைட்டுக்கான தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு மாதிரி செய்ய வேண்டும். பிஸ்டலைக் கண்ணாடிக் கடைக்கோ மருத்துவமனைக்கோ எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துப் போகாதீர்கள். பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம். நீளமான மர ஸ்கேல் போதும். அதன் ஒரு முனையில் கறுப்பு அட்டையில் 4.5 மி.மீ. அகலத்துக்கு வெட்டிய சிறு செவ்வகத்தை நிமிர்த்தி ஒட்டுங்கள். அதிலிருந்து 33 செ.மீ. பின்னால், நடுவில் பள்ளம் வெட்டிய இன்னொரு அட்டை. அட்டையின் மேல் விளிம்பைப் புது பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் வெட்டில் விளிம்பு பிசிறடித்து, லென்ஸ் சரியில்லையா அட்டை சரியில்லையா என்று தெரியாமல் போகும்.

இலக்குக்கும் ஒரு மாதிரி வேண்டும். ஏர் பிஸ்டல் இலக்கின் கறுப்பு 59.5 மி.மீ. விட்டம் உடையது. பரிசோதனை அறை 6 மீட்டர் நீளம் என்றால் 36 மி.மீ. கறுப்பு வட்டத்தை வெள்ளைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். கண்ணுக்கு அதே அளவில் தெரியும். பல கடைகளில் அறை 3 மீட்டர்தான் இருக்கும். அங்கே சோதிப்பது சரிவராது, கால் பவர் வரை கணக்கு தவறும். நடைபாதையிலோ வரவேற்பறையிலோ 6 மீட்டருக்குக் குறையாத இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

3. முழுக் கண் பரிசோதனை: எப்போது, எந்தச் சீட்டு

லென்ஸ் பற்றிப் பேசும் முன், கண் நலமாக இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கண்புரை, கண் அழுத்தம், விழித்திரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை தொடங்கியிருக்கும் கண்ணுக்கு எத்தனை லென்ஸ் மாற்றினாலும் விளிம்பு கூராகாமல் போகலாம்; ரேஞ்ச் விளக்கு கூசும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத வாரத்தில் எடுத்த அளவை வைத்துக் கண்ணாடி செய்தால், அது அடுத்த மாதம் பொருந்தாது. மருந்து மாற்றியிருந்தால் சர்க்கரை நிலைப்பட்ட பிறகு போங்கள்.

நேரமும் முக்கியம். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியைப் பார்த்துவிட்டு மாலை ஏழு மணிக்குப் போய் உட்காராதீர்கள். நீங்கள் வழக்கமாகப் பயிற்சி செய்யும் நேரத்தை ஒட்டியே பரிசோதனை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பரிசோதித்தால் அன்றே லென்ஸ் சோதனை செய்ய வேண்டாம். இன்னொரு நாள் வாருங்கள்.

வெளியே வரும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய சீட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: இரு கண்களின் தூரப் பார்வை பவர், சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருந்தால் அதன் ஆக்சிஸ் (கோணம்), படிப்பதற்கான கூடுதல் பவர், மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு பாப்பாவுக்கும் தனித்தனி தூரம். கடைசியில் சொன்னதைப் பல இடங்களில் எழுதித் தருவதில்லை. கேட்டு வாங்குங்கள். ‘எனக்குத் தூரப் பார்வை சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லித் தூரப் பார்வைச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். இளமையில் தெரியாமல் ஒளிந்திருந்த அரை பிளஸ் பவர் இந்த வயதில்தான் வெளியே வரும். கணக்கு முழுவதும் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

பரிசோதனைக் கட்டணம் கடைகளில் பெரும்பாலும் இலவசம் அல்லது சில நூறு ரூபாய். மருத்துவமனையில் அதைவிடச் சற்றுக் கூடும். கொடுக்கத் தகுந்த பணம்.

4. ட்ரையல் லென்ஸில் உட்காருங்கள்

பரிசோதனை ஃபிரேமில் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுக் காட்டும் லென்ஸ்கள்தான் ட்ரையல் லென்ஸ். இந்தப் படிக்குத்தான் நேரம் செலவிட வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் (கண்ணின் பவரைச் சோதிப்பவரிடம்) இப்படிச் சொல்லுங்கள்: ‘எனக்குப் படிக்கிற கண்ணாடி வேண்டாம். ஒரு மீட்டரில் இருக்கும் பொருளின் விளிம்பு தெளிவாகவும், பத்து மீட்டரில் இருக்கும் வட்டம் மங்கலாகவாவது தெரியவும் வேண்டும். குறி பார்க்கும் கண்ணில் தூரப் பார்வை பவருக்கு மேல் பிளஸ் அரை, பிளஸ் முக்கால், பிளஸ் ஒன்று மூன்றையும் போட்டுக் காட்டுங்கள்.’ விளையாட்டுக்காக என்று சொன்னாலே போதும். பெரும்பாலானவர்கள் ஆர்வத்தோடு உதவுவார்கள்.

ஏன் இந்த எண்கள்? ஒரு மீட்டரில் இருக்கும் முன் சைட்டுக்கு மிகச் சரியான பவர் பிளஸ் ஒன்று. 10 மீட்டர் இலக்குக்குப் பிளஸ் 0.10. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஏறத்தாழ பிளஸ் அரை. முன் சைட் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் முக்கால். பிளஸ் ஒன்று போட்டால் முன் சைட் செதுக்கியது போல இருக்கும். ஆனால் இலக்கு பஞ்சாகிவிடும். நாற்பதுகளில் இருப்பவர்களின் கண்ணில் இன்னும் கொஞ்சம் நெகிழ்வு மிச்சம் இருப்பதால் அரையே போதுமானதாக இருக்கலாம். அறுபதை ஒட்டியவர்களுக்கு என் தேர்வு முக்கால்தான்.

கூட்டல் கணக்கில் கவனம் தேவை. தூரப் பார்வை மைனஸ் 2.00 என்றால், முக்கால் கூட்டியதும் மைனஸ் 1.25. பிளஸ் 1.00 என்றால் பிளஸ் 1.75. சிலிண்டரும் ஆக்சிஸும் அப்படியே இருக்கும். குறி பார்க்கும் கண்ணில் மைனஸ் அரை அல்லது முக்கால் மட்டும் இருந்து, சிலிண்டர் இல்லாதவர்களுக்கு நல்ல செய்தி: கண்ணாடியைக் கழற்றினாலே போதும், பவர் இல்லாத பாதுகாப்புக் கண்ணாடியோடு சுடலாம். செலவு மிச்சம்.

ட்ரையல் ஃபிரேமைப் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள், உட்கார்ந்து அல்ல. தலையைச் சுடும்போது திருப்புவது போலத் திருப்பி, ஸ்கேலை நீட்டி, வட்டத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு லென்ஸிலும் ஐந்தாறு விநாடி பார்ப்பது, பிறகு தூரத்தைப் பார்த்துக் கண்ணை ஓய்வுக்கு விடுவது. முன் சைட் அட்டையின் மேல் விளிம்பு நேர்கோடாகத் தெரிகிறதா என்பதே கேள்வி. நேர்கோடு வளைந்தோ அலையலையாகவோ தெரிந்தால் லென்ஸ் சோதனையை நிறுத்திவிட்டு, அந்த வாரமே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். அது லென்ஸால் தீரும் விஷயமாக இல்லாமல் போகலாம்.

5. கண்ணாடி செய்வது: செலவும் பொறிகளும்

முதல் கண்ணாடியைச் சாதாரண ஃபிரேமிலேயே செய்யுங்கள். சற்றுப் பெரிய ஃபிரேமாகப் பாருங்கள், ஏனெனில் பிஸ்டல் பிடிக்கும்போது தலை திரும்பி, பார்வை லென்ஸின் நடு வழியே போகாமல் ஓரமாகப் போகலாம். ஒற்றைப் பவர் லென்ஸ், பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு, எளிதில் உடையாத பாலிகார்பனேட். ஃபிரேமோடு சேர்த்து இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். நான்கைந்து நாளில் கிடைக்கும்; சிலிண்டர் இருந்தால் சில நாட்கள் கூடும்.

கடைக்காரர் அன்போடு வற்புறுத்தும் மூன்று விஷயங்களுக்கு இணங்காதீர்கள். ஒன்று, ப்ரோகிரெஸிவ், அதாவது மேலிருந்து கீழே பவர் மெல்ல மாறும் லென்ஸ். அதில் தலை ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் பவர் மாறும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு பார்வை. மேலே ஒரு பவரும் கீழே ஒரு பவரும் உள்ள பைஃபோகலும் வேண்டாம். இரண்டு, வெயிலில் கறுக்கும் லென்ஸ். பாதி திறந்த ரேஞ்சுகளில் அது தன் விருப்பத்துக்கு நிறம் மாறும். மூன்று, கம்ப்யூட்டர் கண்ணாடி. அது 60, 70 செ.மீ. தூரத்துக்கானது, அதைப் போட்டால் பின் சைட் அழகாகத் தெரியும், முன் சைட் தெரியாது.

கனோப்லோக், சாம்பியன் போன்ற தனிச் சுடுதல் கண்ணாடிகள் ஐந்து இலக்க விலையில்தான் வரும். அவற்றின் நன்மை உண்மையானது: ஒற்றை வட்ட லென்ஸை நகர்த்தி, பார்வைக் கோட்டுக்கு நேர்செங்குத்தாக நிறுத்தலாம். சிலிண்டர் அதிகம் உள்ளவர்களுக்கும் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் சாதாரண ஃபிரேமில் சில மாதம் சுட்டு, பவர் இதுதான் என்று உறுதியான பிறகு வாங்குங்கள். வாங்கும்போது ஃபிரேம் கைக்கு வந்த பிறகே லென்ஸுக்கு ஆர்டர் கொடுங்கள். லென்ஸ் வளையத்தின் விட்டம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. சிலிண்டர் உள்ளவர்கள் லென்ஸின் மேல்புறம் எது என்று ஓரத்தில் சிறு புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். வட்ட லென்ஸ் வளையத்துக்குள் சுழன்றுவிட்டால் ஆக்சிஸ் போய்விடும்.

6. ஐரிஸும் மறுகண் மறைப்பும்

ஐரிஸ் என்பது லென்ஸின் முன்னால் மாட்டும், துளையைச் சுருக்கி விரிக்கும் தட்டு. துளை சிறியதானால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரத் தெளிவடையும். வாங்கும் முன் செலவில்லாமல் சோதியுங்கள்: கறுப்பு டேப்பில் 2 மி.மீ. அளவில் சீராக ஒரு துளையிட்டுக் கண்ணாடியில் பார்வை போகும் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். பயன் தெரிந்தால் வாங்கலாம்.

வயதாக ஆகக் கண்ணின் பாப்பாவே சுருங்கிக்கொண்டு வருகிறது. ஏற்கெனவே உள்ளே போகும் ஒளி குறைவு. ஐரிஸை அளவுக்கு மீறிச் சுருக்கினால் காட்சி இருண்டு, விளிம்பும் குழையும். முழுவதும் திறந்து வைத்து, மெல்லச் சுருக்கி, முன் சைட் கூராகும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து சற்றே திறந்து விடுங்கள். பவர் தவறான லென்ஸை ஐரிஸால் ஒப்பேற்றப் பார்க்காதீர்கள்.

மறுகண்ணை மூடிக்கொண்டு சுட வேண்டாம். முகத் தசை இறுகும், குறி பார்க்கும் கண்ணும் களைத்துவிடும். மங்கலான வெள்ளை பிளாஸ்டிக்கால் மறையுங்கள். கறுப்பு வேண்டாம், ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு பாப்பாவும் விரியும்.

7. சைட்டையும் கண்ணுக்கு ஏற்ப மாற்றுங்கள்

பின் சைட் பள்ளத்தின் அகலத்தை மாற்றும் வசதி ஏறக்குறைய எல்லாப் போட்டி ஏர் பிஸ்டல்களிலும் இருக்கிறது. இளைஞர்கள் முன் சைட்டின் இருபுறமும் சன்னமான ஒளிக்கோடு விட்டுச் சுடுவார்கள். நம் கண்ணுக்கு அந்தச் சன்னமான கோடுகள் கறுப்போடு கலந்துவிடும். பள்ளத்தை அகலப்படுத்தி, இருபுறமும் முன் சைட்டின் பாதி அகலத்துக்காவது வெளிச்சம் விடுங்கள். இடது கோடும் வலது கோடும் சமமா என்று ஒப்பிடுவது அகலமான கோட்டில்தான் எளிது.

முன் சைட்டில் அகலமானதைப் போட்டுப் பாருங்கள். 4.5 மி.மீ. முன் சைட், இலக்கில் சுமார் 45 மி.மீ. அகலமாகத் தெரியும், கறுப்பைவிடச் சற்றுக் குறுகல். 5 மி.மீ.யும் முயலலாம். குறி வைக்கும் இடத்தைக் கறுப்பைத் தொட்டும் தொடாமலும் வைக்காமல், அதற்குக் கீழே உள்ள வெள்ளையில் தாராளமாக இறக்குங்கள். மங்கிய கறுப்பும் முன் சைட்டின் மேல் விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தொல்லை அதோடு போய்விடும். இறக்கிய பிறகு பின் சைட் திருகைத் திருப்பிக் குண்டுகள் நடுவில் விழும்படி சரிசெய்ய வேண்டும்.

சைட் பளபளத்தால் விளிம்பு ஓடிவிடும். கற்பூரப் புகையில் காட்டிக் கருக்குவது பழைய வழக்கம், இன்றும் அதைவிட மங்கலான கறுப்பு கிடைப்பது அரிது. முன் சைட் துண்டைத் தனியாகக் கழற்றி, வெளியே எடுத்துப்போய், இடுக்கியால் பிடித்துத்தான் கருக்க வேண்டும். 200 பார் அழுத்தக் காற்று நிரம்பிய சிலிண்டர் மாட்டிய பிஸ்டலின் அருகே நெருப்பு கூடவே கூடாது.

8. போட்டிக்குப் போவதாக இருந்தால்

‘ரெட் டாட் மாட்டிக்கொள்ளுங்கள், கண் பிரச்சினையே இல்லை’ என்று காணொளிகளில் சொல்வார்கள். சிவப்புப் புள்ளியைக் காட்டும் மின்னணு சைட் அது. தற்காப்புக்கோ வேறு வகைப் போட்டிகளுக்கோ பிஸ்டல் பழகும் நாடுகளுக்கு அது நல்ல யோசனை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் திறந்த சைட் மட்டும்தான். லென்ஸைப் பிஸ்டலில் பொருத்துவதும் கூடாது. நீங்கள் அணியும் கண்ணாடியில் எந்தப் பவரும் இருக்கலாம். மறுகண்ணை மறைக்கும் முன் மறைப்பு 30 மி.மீ. அகலத்துக்கும், பக்க மறைப்பு 40 மி.மீ. ஆழத்துக்கும் மிகக் கூடாது. உபகரணச் சோதனையில் அளப்பார்கள். வீட்டிலேயே அளந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

45 வயதைக் கடந்தவர்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதால் பிறந்த தேதிக்கான சான்று முக்கியமாகிறது. ஆதார், பள்ளிச் சான்று, கிளப் உறுப்பினர் அட்டை ஆகியவற்றில் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். முதலெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம்; பதிவு முடியும் கடைசி நாளில் அதைத் திருத்த முடியாது. கண் பரிசோதனைச் சீட்டின் நகலையும் கண்ணாடிப் பெட்டியிலேயே வையுங்கள். வெளியூரில் லென்ஸ் உடைந்தால் அந்தச் சீட்டை வைத்தே மாற்று லென்ஸுக்குச் சொல்லிவிடலாம்.

போட்டிக்கு ஒரு மாதத்துக்குள் லென்ஸையோ சைட் அகலத்தையோ மாற்றாதீர்கள்.

9. புதுக் கண்ணாடியோடு பழகும் முறை

முதல் சில நாட்கள் இலக்கைத் திருப்பி மாட்டி, வெள்ளைப் பக்கத்தில் சுடுங்கள். குறி வைக்கக் கறுப்பு இல்லாததால் கண் வேறு வழியின்றி முன் சைட்டில் நிற்கும். வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் காலியான பிஸ்டலைப் பிடித்துப் பழகுவதும் அதே பயனைத் தரும்.

பிஸ்டல் குறிக்கு வந்து ஏழெட்டு விநாடிக்குள் குண்டு போகவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் உற்றுப் பார்த்தால் விளிம்பு தானாகவே கரையத் தொடங்கும். ஆனால் தெளிவாக இருப்பதாகவே மனம் நினைத்துக்கொண்டிருக்கும். 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, அவசரமே இல்லை. குண்டுக்குக் குண்டு கண்ணை இமைத்து, தரையையோ தூரச் சுவரையோ பாருங்கள். குளிர்சாதன ரேஞ்சில் கண் வறண்டு பார்வை மங்கும். கண்ணீர்ச் சொட்டு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

10. கண்புரை அறுவைச் சிகிச்சை வரப்போகிறது என்றால்

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு அளவு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் பிஸ்டல் சுடுவதைச் சொல்லிவிடுங்கள். எந்தக் கண்ணால் குறி பார்க்கிறீர்கள் என்பதையும், 2-ஆவது படியில் அளந்த தூரத்தையும் எழுதிக் கொடுங்கள். கண்ணாடியே தேவைப்படாது என்று சொல்லி விற்கப்படும் மல்ட்டிஃபோகல் (பல தூரங்களுக்குக் குவியும்) லென்ஸ் படிப்பதற்கு வசதியானது. ஆனால் கறுப்பு வெள்ளை வேறுபாட்டை அது குறைக்கும், விளக்கைச் சுற்றி வளையம் காட்டும். விளிம்பைக் கூராகப் பார்க்க வேண்டிய நமக்கு ஒற்றைக் குவிய லென்ஸே பொருத்தம். குறி பார்க்கும் கண்ணில் மைனஸ் அரை அளவுக்கு மிச்சம் விட முடியுமா என்றும் கேளுங்கள். முடிந்தால், கண்ணாடியில்லாமலேயே முன் சைட் பக்கம் குவியம் வந்துவிடும். மற்ற வேலைகளையும் வாகனம் ஓட்டுவதையும் கணக்கில் கொண்டு மருத்துவர்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு பவர் நிலைப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். ரேஞ்சுக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் நாளில் எந்தக் கண் முதன்மைக் கண் (குறி பார்ப்பதில் மூளை முதலில் நம்பும் கண்) என்பதை மறுபடி சோதியுங்கள். தெளிவடைந்த கண் முதன்மையைப் பிடித்துக்கொள்வது உண்டு. அப்படி மாறியிருந்தால் மறுகண் மறைப்பை ஒருநாளும் விடாமல் அணியுங்கள்.